ஏரி தன்னை நம்புகிறது

காலை எட்டு மணிக்கு வெர்லின் ஹாவ்கன் கண்ணாடி முன்னால் நின்று பொய் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு வேலை தன் தலையில் விடியும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் ஸ்டோர்வான் மாவட்ட நிர்வாகத்தில் அவருக்கு விதிக்கப்பட்ட வேலை வேறு. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும் கிரேலிங் ஏரியின் மேல் நடந்து, துளைப்பானால் ஓட்டை போட்டு, பனி எத்தனை அங்குலம் கனமாக இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். நாலு அங்குலம் என்றால் ஆள் நடக்கலாம். பன்னிரண்டு என்றால் பிக்கப் வண்டியையே ஓட்டிக்கொண்டு போய் நடு ஏரியில் குடில் போட்டு மீன் பிடிக்கலாம். நாலுக்குக் கீழே என்றால் சிவப்புப் பலகை: "அபாயம். மெல்லிய பனி. போகாதே."

முப்பத்தொரு குளிர்காலத்தில் அந்த ஏரியில் ஓர் ஆள்கூட மூழ்கியதில்லை. இதற்கு வெர்லினின் திறமை காரணம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் வெட்கத்தில் செத்தே போயிருப்பார். காரணம் பயம். ஓர் ஓட்டை போட்டு அளப்பார். சரியாக அளந்தோமா என்று சந்தேகம் வரும். நாலடி தள்ளி இன்னோர் ஓட்டை போடுவார். அதிலும் சந்தேகம் வரும். சந்தேகம் தீரும்போது ஏரி சல்லடையாகியிருக்கும். ஊர் அதன் மேல் நிம்மதியாக நடக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார்கள். காப்பி வேண்டுமா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவை கேட்டபிறகே கோப்பையைத் தொடுவார்கள். தேவாலய விருந்தில் ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தின் தட்டில் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். பாதி வெட்டுவார்கள், அதில் பாதி, அதிலும் பாதி. கடைசியில் ஓர் உருளைக்கிழங்குத் துணுக்கு தனியாகக் கிடக்கும். யாரும் யாரையும் இதைச் செய் அதைச் செய்யாதே என்று சொல்வதில்லை. "நானா இருந்தா யோசிப்பேன், உன் இஷ்டம்" என்று ஒருவர் சொன்னால், உயிர் போகிற விஷயம் என்று கேட்டவருக்கு விளங்கிவிடும்.

இந்த மக்களுக்குச் சுயமதிப்பு போதவில்லை என்று ஓர் ஆய்வறிக்கை கண்டுபிடித்தது. எண்பத்தேழு மாவட்டங்களில் ஸ்டோர்வான் கடைசி. கேள்வித்தாளில் "நீங்கள் உங்களை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?" என்ற இடத்தில் பெரும்பாலானவர்கள் "மோசமில்லை" என்று எழுதியிருந்தார்களாம். அதற்கு மேல் எழுதினால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்! மாவட்டத் தலைவர் டுவேன் ஸ்கோக்மோவுக்கு, வெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவருக்கு, இது பெரிய அவமானமாகப் போயிற்று. உடனே சுயமதிப்புத் துறை என்று ஒன்று உருவாயிற்று. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு பெண் இயக்குநர் வந்தார். பெயர் பிரியெல் வான்டாசல். வெள்ளைப் பற்கள், வெள்ளைக் கோட்டு. எந்தக் குளிரிலும் தொப்பி போடமாட்டார். தொப்பி போடுவது குளிரை நம்புவதாகும் என்பார்.

மேசைக்கு மேசை கண்ணாடி மாட்டினார்கள். தினமும் எட்டு மணிக்கு மணியடித்ததும் இருநூற்றுப் பதினான்கு ஊழியர்களும் தங்கள் முகத்தைப் பார்த்துப் பத்து முறை சொல்ல வேண்டும்: "நான் போதுமானவன். நான் தவறுவதில்லை. நான் எதற்கும் அஞ்சுவதில்லை." ஆளுக்கொரு ஒளிவில்லை கொடுத்தார்கள். பாட்டில் மூடியளவு இருக்கும். சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். சொல்கிறவரின் குரலில் உறுதி எவ்வளவு என்று கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று அதுவே உரக்கச் சொல்லும். வீட்டுக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும். சுயமதிப்புக்கு அலுவலக நேரம் கிடையாது.

ஒரே மாதத்தில் மூன்று முறை இருபதுக்குக் கீழே வாங்கினால் அந்த ஊழியர் "மகிழ்ச்சியுடன் விடுவிக்கப்படுவார்". சாலையில் பனி தள்ளும் வண்டியோட்டி லோவெல் அப்படித்தான் விடுவிக்கப்பட்டார். கண்ணாடியைப் பார்த்து, "பரவால்ல, இருக்கேன்," என்று மூன்று நாள் தொடர்ந்து சொல்லியிருக்கிறார். அவரை வாசல் வரை கைதட்டியே கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு அவர் மேசையில் விட்டுப்போன கையுறைகளை எடுக்க இன்றுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மணியடித்ததும் வெர்லினும் கண்ணாடியைப் பார்ப்பார். "நான் போதுமானவன்" என்று தொடங்குவார், அதற்குள் நாக்கு தன்போக்கில், "...ஒருவேளை, மத்தவங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா" என்று சேர்த்துவிடும்.

"பதினொன்று," என்று நெஞ்சிலிருந்து இனிமையாகச் சொல்லும் ஒளிவில்லை. "இன்னும் கொஞ்சம் முயலுங்கள்." மாதத்தில் ஓரிரு நாள் இப்படி ஆகும்; மற்ற நாள்களில் தட்டுத்தடுமாறி இருபதைத் தாண்டிவிடுவார்.

அவர் மனைவி ஆர்லிஸ் அதே கட்டடத்தில் மீன்பிடி உரிமச்சீட்டுக் கொடுக்கிற பிரிவில் இருந்தாள். அவளுக்குத் தொண்ணூற்றாறு மார்க். முப்பது வருஷமாகத் தன் சமையலைப் பற்றிக் கேட்டால் "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று மட்டும் சொன்னவள், இப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, "நான் ஈடு இணையற்றவள்," என்பாள்.

"ஆர்லிஸ், நெஜமாவே அப்படித் தோணுதா ஒனக்கு?" என்று ஒருநாள் கேட்டார். கேட்பதற்கு முன் இருவரின் ஒளிவில்லைகளையும் எடுத்து, குளிர்பெட்டியில் பட்டாணிப் பைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "பயத்துல கத்துறேன் வெர்லின். பயத்துல கத்துனா நல்ல மார்க் வருது. அது யாருக்கும் தெரியாது. நீ பயந்தா மெதுவாப் பேசுற, அதான் ஒன் பிரச்சினை."

பிப்ரவரியில் பலகைகளை மாற்றினார்கள். வெர்லின் காலையில் ஏரிக்குப் போனபோது ஓடை வந்து கலக்கிற இடத்தில் அவருடைய சிவப்புப் பலகையைக் காணோம். அங்கே இளநீலத்தில் ஒன்று நின்றது: "ஏரி தன்னை நம்புகிறது. நீங்களும் நம்புங்கள்." அவர் அளந்து பார்த்தார். இரண்டரை அங்குலம். பனிச்சறுக்கு வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஏணி, கயிறு, துளைப்பான் எல்லாவற்றையும் ஏற்றிக் கையால் இழுத்துப்போகிற சின்ன வண்டி அது.

அன்றாடப் படிவமும் மாறிவிட்டது. அங்குலம் எழுதுகிற கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். எண்கள் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யும், ஒப்பிடுவது மனதைப் புண்படுத்தும் என்று அடிக்குறிப்பு. பனியைப் பற்றி மூன்றே பதில்தான் உண்டு: "வலிமையானது", "வலிமை பெற்றுவருகிறது", "தனக்கே உரிய வழியில் வலிமையானது".

மார்ச் மூன்றாவது வாரம் டுவேன் ஸ்கோக்மோ முகமெல்லாம் சிவந்து ஓடிவந்தார். "வெர்லின், கேட்டியா? வர்ற வெள்ளிக்கிழமை சுயமதிப்பு நாள். மொத்த ஆபீஸும் ஏரிக்கு நடுவுல போய் வட்டமா நின்னு சொல்லப்போறோம். பின்னாடியே லாரியில பத்தடிக் கண்ணாடி ஒண்ணு வருது. நம்ம ஏரியே தன் முகத்தைப் பாத்துக்கணும்னு மேடம் யோசனை. ஊர்வலத்துக்கு முன்னாடி யார் கொடி பிடிக்கிறா தெரியுமா? உன் ஆர்லிஸ்தான்டா! மாவட்டத்துலயே முதல் மார்க்!"

மார்ச் மூன்றாவது வாரத்துப் பனி. மேலே பார்த்தால் வெள்ளையாக, ஒன்றுமறியாத முகத்தோடு இருக்கும். உள்ளே மெழுகுவத்திகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தினதுபோல் நெட்டுக்குத்தாக உளுத்திருக்கும். காலை வைத்தால் கட்டு அவிழும்.

"டுவேன்," என்றார் வெர்லின். "அங்க இப்ப... கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு."

"ஈரம் நல்லதுதானே!" என்றார் டுவேன். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே டுவேன் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு ஏரிக்கரையைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்.

வெர்லின் இயக்குநரைப் பார்க்கப் போனார். அறை முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயந்துபோன ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தெரிந்தார்.

"சொல்லுங்க வெர்லின், உங்க உண்மையைப் பேசுங்க."

"ஒண்ணுமில்ல மேடம். வெள்ளிக்கிழமை ஏரி... நானா இருந்தா கொஞ்சம் யோசிப்பேன். உங்க இஷ்டம்தான்."

பிரியெல் வான்டாசல் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "யோசிங்க! நல்லா யோசிங்க! ஆனா அது உங்க பயணம். எனக்கு உங்க மேல எவ்வளவு அக்கறை தெரியுமா? நான் போன மாவட்டத்துல தீயணைப்புத் துறையையே மாத்திக் காட்டினேன். 'தீ'ங்கிற வார்த்தையைச் சொல்றதையே நிறுத்தினாங்க. ஒரு வருஷத்துல தீ விபத்துன்னு ஒரு புகார்கூடப் பதிவாகல. பதிவு பண்ண ஆபீஸும் இல்லைன்னு வைங்க, அது வேற விஷயம். உலகத்துல ஆபத்துன்னு ஒண்ணு கிடையாது வெர்லின். ஆபத்துன்னு சொல்ற ஆளுங்கதான் இருக்காங்க. அவங்களைக் குறைச்சா ஆபத்து குறையுது. கணக்கு எவ்வளவு சுலபம் பாருங்க! இந்த மாசம் உங்களுக்கு எத்தனை?"

"பதினொண்ணு, ரெண்டு தடவை."

"ஓ," என்றார் இயக்குநர் மிகுந்த கருணையோடு. "அப்ப இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. வெள்ளிக்கிழமைக்கான படிவத்தைத் தெளிவா, உறுதியா நிரப்புங்க. அதையும் கணக்குல எடுத்துக்கறேன். நிரப்ப முடியலைன்னா உங்க இடத்துக்கு ஒருத்தர் இருக்காரு. ஏரியைப் பாத்ததில்லை, ஆனா தொண்ணூத்திமூணு."

வெளியே வந்து வெர்லின் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். தான் போய்விட்டால் அந்தத் தொண்ணூற்றுமூன்று வந்து ஏரியைக் கரையிலிருந்தே அளக்கும். தான் இருந்தாலாவது ஏணியும் கயிறும் ஏரிக்கரையில் இருக்கும். இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உள்ளதைச் சொன்னால், வேலை போய்விடுமோ என்ற பயம்தான் பேனாவைப் பிடித்தது. "தனக்கே உரிய வழியில் வலிமையானது" என்ற கட்டத்தில் குறியிட்டார். கீழே குறிப்பு என்ற இடத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: "நடுவில் கொஞ்சம் நெகிழ்வு. சிரமம் இல்லையென்றால் பார்த்துப் போவது நல்லது."

இந்த ஊரில் பிறந்த எவரும் அந்த வரியைப் படித்தால் அலறியடித்து ஓடுவார்கள் என்று நம்பினார். அவர்கள் இப்போதெல்லாம் குறிப்புகளைப் படிப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. அது பனிக்கு ஆகாது என்று வெர்லினுக்குத் தெரியும். விடிந்ததும் போய் ஏழு ஓட்டை போட்டுப் பார்த்திருந்தார். ஏழிலும் துளைப்பான் வெண்ணெயில் இறங்கினதுபோல் இறங்கி, தண்ணீர் குபுக்கென்று மேலே வந்தது. கரையில் இருநூற்றுச் சொச்சம் பேர் கைக்கண்ணாடிகளோடு நின்றார்கள். லாரி உறுமிக்கொண்டிருந்தது. இயக்குநரும் டுவேனும் கைகோத்தபடி முன்னால். அவர்களுக்குப் பின்னால் தங்கநிறக் கொடியோடு ஆர்லிஸ். அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவளும் இந்த ஏரிக்கரையில் பிறந்தவள்தானே. மார்ச் வெயிலில் பனி எந்த நிறத்துக்கு மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

வெர்லின் ஓடிப்போய் டுவேனின் முழங்கையைத் தொட்டார். "டுவேன், தப்பா எடுத்துக்காத... ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாமே?"

"அப்புறம்டா, அப்புறம்."

இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசினார். "நண்பர்களே! கீழே பாக்காதீங்க. கீழே பாக்கிறவங்கதான் விழறாங்க. உங்களை நீங்க நம்பினா இந்தப் பனி உங்களை நம்பும். நம்மகிட்ட வலிமையானதுன்னு சான்றிதழே இருக்கு, நம்ம வெர்லின் கையெழுத்துப் போட்டது!"

எல்லாரும் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். இருபது தப்படி. முப்பது. பனிக்கு அடியில் எங்கோ ஒரு முனகல் கேட்டது; அது கரையோரப் பனியில் நின்ற வெர்லினின் பாதம் வழியாகவே ஏறி முதுகெலும்புக்குப் போயிற்று. லாரியின் முன்சக்கரம் கரையை விட்டுப் பனியைத் தொட்டது. ஆர்லிஸ் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த ஊரில் கணவனுக்குக்கூட யாரும் இதைச் செய் என்று சொல்வதில்லை.

அப்போதுதான் வெர்லின் ஹாவ்கன் ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தினார்.

"நில்லுங்க! எல்லாரும் சாகப்போறீங்க! நான் எழுதினது பொய்! சாகப்போறீங்க எல்லாரும்!"

யாரும் நின்றிருக்கமாட்டார்கள். எதிர்மறைப் பேச்சைக் கேட்டால் காதுக்குள் கடல் அலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆனால் வெர்லினின் நெஞ்சில் இருந்த ஒளிவில்லை பொன்னிறமாக எரிந்து, இதுவரை மாவட்டத்தில் யாருமே கேட்டிராத ஓர் இசையை முழக்கியது. "நூறு!" என்று ஏரி முழுக்கக் கேட்கிறாற்போல் சொன்னது. "நூற்றுக்கு நூறு! நீங்கள் ஒளிர்கிறீர்கள்!"

இருநூறு பேரும் சட்டென்று நின்று திரும்பினார்கள். நூறு வாங்கினது யார்? ஆர்லிஸ் கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கரையைப் பார்த்து ஓடிவந்தாள். அவள் ஓடுவதைப் பார்த்து, நூறு வாங்கினவரிடம் போகத்தான் ஓடுகிறாள் என்று நினைத்து, மற்றவர்களும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். லாரிக்காரர் பின்னுக்கு எடுத்தார். இவ்வளவு பேர் அன்றைக்கு உயிரோடு கரையேறியது பொறாமையினால்தான்.

திரும்பாதவர்கள் இரண்டு பேர். இயக்குநருக்குத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது; டுவேனின் கை அவர் பிடியில் இருந்தது. பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. அவர்கள் நின்ற இடத்தில் கறுப்புத் தண்ணீர் இருந்தது.

வெர்லின் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி, பிறகு குப்புறப் படுத்து, ஏணியை முன்னால் தள்ளித் தள்ளி ஊர்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஊர்ந்தார். வயிற்றுக்கடியில் பனி நெறிந்தது. விளிம்பில் டுவேனின் தலை தெரிந்தது; உதடு நீலமாகியிருந்தது.

"டுவேன், ஏணியைப் பிடி!"

"வேணாம்பா," என்றார் டுவேன், பல் கிட்டியபடி. "உனக்கு எதுக்குச் சிரமம்."

ஆறு மாதப் பயிற்சியெல்லாம் தண்ணீர் பட்டதும் கரைந்து, பழைய டுவேன் வெளியே வந்திருந்தார். வெர்லினுக்கு முறை தெரியும். "சிரமம் ஒண்ணுமில்ல, பிடி!"

"இல்ல, நான் இப்படியே சமாளிச்சுக்கறேன், முதல்ல மேடத்தைப்—"

"டுவேன், பிடிச்சுக்கோடா!"

"சரி, நீ இவ்வளவு சொல்றதால," என்று டுவேன் இரண்டு கைகளாலும் ஏணியைக் கவ்விக்கொண்டார்.

இயக்குநருக்கு அந்த ஊர் முறையெல்லாம் தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் கையை அடித்துக்கொண்டு, "நான் மிதக்கிறேன், நான் லேசானவள், இந்தத் தண்ணி இதமா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அங்குலம் கீழே போனார்.

"மேடம், கயித்தைப் பிடிங்க! உதவி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"எனக்கு எந்தக் குறையும்..." தண்ணீர் வாய்க்குள் போயிற்று. மேலே வந்தபோது அவர் கண்கள் வேறு மாதிரி இருந்தன. "பயமா இருக்கு," என்றார். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நாள்முதல் அவர் குரல் அவ்வளவு சின்னதாகி யாரும் கேட்டதில்லை. "வெர்லின், எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் மேடம்," என்றார் வெர்லின். "கையைக் கொடுங்க."

விசாரணைக் குழு ஆறு வாரம் உட்கார்ந்தது. பனி நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டதாக முடிவு செய்தது. தவறான படிவம் எழுதியதற்காக வெர்லினுக்கு எச்சரிக்கை. அது தவறு என்று பலர் முன்னிலையில் சொன்னதற்காக இன்னோர் எச்சரிக்கை. ஆனால் நூற்றுக்கு நூறு என்பது வரலாற்றுச் சாதனை என்பதை யாரும் மறுக்கவில்லை. இயக்குநர் ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்தார். சால்வை போர்த்தியிருந்தார், ஆனால் தொப்பி இல்லை. கறுப்புத் தண்ணீரில் தனக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாக அறிவித்தார். பழைய வாசகங்கள் நீக்கப்பட்டன. ஜூன் மாதத்திலிருந்து எட்டு மணிக்கு இருநூற்றுப் பதின்மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்துப் புன்னகையோடு சொல்ல வேண்டியது: "எல்லாரும் சாகப்போறீங்க." பத்து முறை.

அந்த வாசகத்தின் சொந்தக்காரர் என்பதால் முதல்நாள் வெர்லினையே மேடையேற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரி நீலமாக, தவறே செய்ய வழியில்லாமல் அலையடித்தது. யாரும் சாகப்போவதாக அவருக்குத் தோன்றவில்லை. மரியாதைக்குக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லாரும்... ஒருவேளை... தப்பா எடுத்துக்கலைன்னா."

"பதினொன்று," என்றது ஒளிவில்லை. மறுநாளும் பதினொன்று. மூன்றாம் நாளும்.

அவரை வாசல் வரை கைதட்டிக் கொண்டுபோய் விட்டார்கள். டுவேன்தான் எல்லாரையும்விட உரக்கத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. தொண்ணூற்றுமூன்று மார்க் வாங்கினவர் வெர்லினின் மேசைக்கு வந்துவிட்டார். சுத்தமான பூட்ஸ் போட்டிருந்தார்.

வீட்டில் ஆர்லிஸ் காப்பி ஊற்றினாள். மூன்று தடவை கேட்காமலேயே கோப்பையை அவர் கையில் வைத்தாள். விடுவிப்புக் கடிதத்தை இருவரும் சேர்ந்து படித்தார்கள். அரசுப் பொருள்களை முப்பது நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருந்தது: ஒளிவில்லை ஒன்று, ஏணி ஒன்று, கயிறு ஒன்று, துளைப்பான் ஒன்று.

"நவம்பர்ல ஏரி உறைஞ்சிரும்," என்றாள் ஆர்லிஸ். "யாரு அளப்பாங்க?"

வெர்லின் காப்பியைக் குடித்து முடித்தார். ஒளிவில்லையை உறையில் போட்டு, முகவரி எழுதி, மறுநாளே தபாலில் அனுப்பினார். மற்ற மூன்றையும் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பழைய படகுக்கு அடியில் தள்ளி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார். முப்பத்தொன்றாம் நாள் மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுபதாம் நாள் இன்னொன்று. ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் கொட்டகைக் கதவைப் பூட்டியிருக்கிறோமா என்று போய்ப் பார்ப்பார். நாலடி நடந்தபின் சந்தேகம் வந்து திரும்பவும் போய்ப் பார்ப்பார்.

துளைப்பானை அவர் திருப்பித் தரவில்லை. பயந்துகொண்டேதான் தரவில்லை.